பிராணானந்தரின் அமிர்தப் புகை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு புலம்பெயர் தமிழர் கூடும் மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் கார் நிறுத்த இடம் கிடைத்தால் அதுவே முதல் அற்புதம். இரண்டாவது அற்புதம் உள்ளே புலித்தோல் அச்சடித்த மெத்தையில் உட்கார்ந்திருந்தது. பெயர் சுவாமி பிராணானந்தர். சிகரெட்டை விட வைப்பது அவர் தொழில். மாத்திரை வேண்டாம், பிளாஸ்திரி வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். வேப் என்னும் மின்சிகரெட் கருவி ஒன்றும், அதில் ஊற்ற அவர் மந்திரித்துத் தரும் ‘அமிர்தப் புகை’யும் போதும். துளசி, வேப்பிலை, இமயமலை மூலிகை சேர்ந்ததாம். நிகோடின் ஒரு சொட்டுகூட இல்லை என்று அவரே சொன்னார். அவரே சொன்ன பிறகு யார் கேட்பது?

கூட்டத்தைப் பார்த்துப் பாமர ஜனங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஐ.டி.காரர்கள், கணக்காளர்கள், இரண்டு முனைவர்கள். கைப்பேசிக்கு ஒரு கவர் வாங்குவதென்றாலும் நாற்பது பேரின் விமர்சனத்தைப் படிப்பவர்கள். இங்கே செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்கள். மூளையை எங்கே கழற்றி வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஆளுக்கொரு வேப், அதற்கு ஒரு கறுப்புக் கயிறு. வெள்ளிக்கிழமை எந்த மணத்தை இழுத்தால் விரதம் கெடாது என்று வாட்ஸ்அப் குழுவில் பெரிய விவாதம். மாம்பழமும் புதினாவும் சைவம் என்று முடிவாகிவிட்டது. காபி இன்னும் இழுபறியில் இருக்கிறது.

சுவாமி வாய் நிறைய இழுத்து ஊதுவார். புகை நேரே ஈசான மூலைக்குப் போகும். “பாருங்க, தெய்வம் கூப்பிடுது” என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். எதிர்ச் சுவரில் ஹீட் பம்ப் சூடான காற்றை அந்த மூலைக்கே ஊதிக்கொண்டிருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி கத்தித் தொலைக்கக் கூடாதென்று அதற்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி மாட்டியிருந்தார்கள். அந்த மண்டபத்தில் சந்தேகப்படத் தெரிந்தது அது ஒன்றுதான். அதன் வாயையும் கட்டியாயிற்று.

ஐந்து வருடத்துக்கு முன் இந்தச் சுவாமியின் பெயர் வெறும் வசீகரன். ஹென்டர்சன் கடைத்தெருவில் கைப்பேசிக் கவர் விற்றார். அப்போது யாரும் காலில் விழவில்லை, பேரம்தான் பேசினார்கள்.

இவரிடம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் குலசிங்கம். பஸ் ஓட்டுநர். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பத்தொரு வருடச் சிகரெட், பத்தொன்பது வருட ஓட்டுநர் இருக்கை. இரண்டும் சேர்ந்து மனிதரை நிமிர முடியாமல் செய்துவிட்டன. முதுகெலும்பில் இரண்டு எலும்புகளை ஒட்ட வைக்க வேண்டும். பதினாலு மாதம் காத்திருந்து அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைத்தது. மருத்துவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஆறு வாரம் உடம்பில் நிகோடின் இருக்கக் கூடாது, இருந்தால் எலும்பு ஒட்டாது, வேப்பிலும் நிகோடின் இருக்கும், கவனம்.

குலசிங்கம் நேரே சுவாமியிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

“கடையில விக்கிறதுல இருக்கும். இது பிரசாதம்” என்றார் சுவாமி.

அன்றோடு சிகரெட்டை விட்டார் குலசிங்கம். உண்மையாகவே விட்டார். எட்டு வாரம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஏக்கமே இல்லை. சுவாமியின் சக்தி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். காலிப் போத்தல்களைக்கூடக் குப்பையில் போடவில்லை. ஒவ்வொன்றிலும் முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததே. முருகனை மறுசுழற்சித் தொட்டியில் போடலாமா? பதினொரு போத்தலும் சாமித் தட்டில் வரிசையாக நின்றன.

அறுவைக்கு முன் ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். உடம்பு நிறைய நிகோடின் இருந்தது. அறுவை ரத்தாகிவிட்டது.

 வீட்டுக்கு வந்ததும் மனைவி உஷா வெடித்தார்.

“முப்பது வருசமா நீங்கள் குடிச்சதைப் பொறுத்தன். ஆனா ஒளிச்சுக் குடிச்சுப்போட்டு என்னட்டப் பொய் சொன்னதைப் பொறுக்கேலாது.”

“சத்தியமா நான் தொடேல்லை, உஷா.”

“அப்ப ஆஸ்பத்திரிக்காரரோ பொய் சொல்லீனம்?”

 முதுகுவலி போதாதென்று இப்போது குலசிங்கத்துக்கு வீட்டில் பொய்யன் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. 

அடுத்த சனிக்கிழமை கணவனும் மனைவியும் மண்டபத்துக்குப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பாக்யலட்சுமியும் கூடப் போனாள். மதுரைக்காரி, மருந்தகத்தில் மருந்தாளர். குலசிங்கம் எழுந்து நடந்ததைச் சொன்னார். சுவாமி கண்ணை மூடித் திறந்தார்.

“பஸ் டிப்போ பின்னாடி யாரோ தம் அடிக்கிறது எனக்குத் தெரியுது. பேர் சொல்லணுமா?”

கூட்டம் ‘ச்சூ’ கொட்டியது. உஷா தலையைக் குனிந்துகொண்டார்.

பாக்யலட்சுமி எழுந்தாள். “சாமி, ஒரு சந்தேகம். நீங்க சிகரெட்டே தொட்டதில்லைன்னு சொல்லுவீங்கள்ல?”

“பிறந்ததுலேர்ந்து தொட்டதில்லை.”

“இந்த அமிர்தப் புகை மட்டும் தினமும் எடுத்துக்குவீங்க?”

“நாளைக்கு நூத்தியெட்டு முறை.”

அவள் கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். “இது எச்சில் சோதனை அட்டை. எங்க கடையில விக்கிறதுதான். ரெண்டு கோடு வந்தா உடம்புல நிகோடின் இல்ல. ஒரு கோடுன்னா இருக்கு.” ரெண்டு கோடு என்றதும் பின்வரிசையில் சிலர் வேறு எதையோ நினைத்துச் சிரித்தார்கள்.

முதலில் உஷா வாயில் வைத்துக் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்து இரண்டு கோடு தெளிவாகத் தெரிந்தது. அட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள்.

“இப்ப சாமி வைக்கட்டும்” என்றாள்.

சுவாமிக்குத் திடீரென்று மௌன விரதம் ஞாபகம் வந்தது. ஆனால் அந்த விரதம் அவரைக் காப்பாற்ற அவருடைய பக்தர்களே விடவில்லை. “வைங்க சாமி, அந்தம்மா வாயை அடைங்க” என்று முன்வரிசை முனைவர் கெஞ்சினார். அறுபது பேரின் நம்பிக்கை சேர்ந்து அந்த அட்டையைச் சுவாமி வாயில் திணித்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவ்வளவு சுத்தமாகக் கெட்டு நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு கோடுதான் வந்தது.

“இப்ப ரெண்டுல ஒண்ணு” என்றாள் பாக்யலட்சுமி. “சாமி திருட்டு தம் அடிக்கிறாரு. இல்லேன்னா பாட்டில்ல நிகோடின் இருக்கு. எதுன்னு அவரே சொல்லட்டும்.”

சுவாமி லேசுப்பட்டவரா? கண்ணில் நீர் வர வைத்துக்கொண்டார். “பக்தர்களோட பாவத்தை எல்லாம் நான் வாங்கிக்கிட்டேன். உங்க எல்லாரோட நிகோடினும் இப்ப இந்த உடம்புல இருக்கு.”

இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர் விழுந்து கும்பிடவே தயாரானார்.

குலசிங்கம் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். “சாமி, நான் பெரிய படிப்புப் படிக்கேல்லை. ஒண்டு கேக்கிறன். என்ர நிகோடினை நீங்கள் வாங்கிட்டியள் எண்டால், ஆஸ்பத்திரியில அது எப்பிடி என்னட்ட இருந்தது?”

விழுந்து கும்பிடத் தயாரானவர் மெல்லத் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

உஷா சாமித் தட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு காலிப் போத்தலை எடுத்தார். வீட்டுச் சாவியால் முருகனைச் சுரண்டத் தொடங்கினார். “ஐயோ, சாமி படம்” என்று யாரோ பதறினார்கள். உஷா நிறுத்தவில்லை. முருகனுக்கு அடியில் கடை லேபிள் இருந்தது. நிகோடின் உள்ளது, கடுமையாக அடிமைப்படுத்தும் பொருள் என்று ஆங்கிலத்திலும் அந்நாட்டுப் பழங்குடிகளின் மாவோரி மொழியிலும் எழுதியிருந்தது. தமிழருக்கு மட்டும் முருகன்.

வசீகரன் பக்கவாசலை நோக்கி நடந்தார். செருப்பைக்கூடத் தேடவில்லை.

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார் உஷா கணவரிடம்.

“நீர் என்னை நம்பாட்டிலும் பரவாயில்லை. நான் அவனை நம்பினனே” என்றார் குலசிங்கம். பிறகு பாக்யலட்சுமியிடம் திரும்பினார். “தங்கச்சி, அப்ப நான் திரும்பச் சிகரெட்டுக்கே போறதோ?”

“வேணாம்ணா. சிகரெட்டுக்கு வேப் பரவாயில்லதான். ஆனா அதுவும் நிகோடின்னு தெரிஞ்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, அதையும் விடணும். அதுக்கு இலவசமாவே உதவி செய்றாங்க. நான் நம்பர் தரேன்.”

குலசிங்கம் இப்போது அளவைக் குறைத்துக்கொண்டு வருகிறார். அறுவைக்கான புதிய நாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அந்த ஏழு மாதமும் அவர் குனிந்தபடிதான் பஸ் ஏற வேண்டும். அந்தக் கணக்கை எந்தச் சாமி வாங்கிக்கொள்வார்?

முன்வரிசை முனைவர் மட்டும் அன்று கிளம்பும்போது ஓர் ஓரமாகப் போய், மண்டபத்து ஆட்களிடம் சுரண்டாத போத்தல் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாராம்.

ஸ்டிக்கரைச் சுரண்ட ஒரு நகம் போதும், ஐயா. முனைவர் பட்டம் தேவையில்லை. முதலில் கூரையில் இருக்கிற அந்தத் தொப்பியைக் கழற்றுங்கள். பிறகு உங்கள் தலையில் இருப்பதை.