பென்சிலில் எழுதப்பட்டவர்கள்

உயிரோடு இருப்பவர்களை நலம் விசாரிக்க உலகத்தில் கோடிப் பேர் உண்டு. செத்துப்போனவர்களை நலம் விசாரிக்கத்தான் ஆள் இல்லை. அந்த மாபெரும் குறையைத் தீர்க்க வந்தவருக்கு மனைவியாக வாய்த்தது தன் பாக்கியம் என்று நம்புவதற்கு அவள் நாலு வருடமாக முயன்றுகொண்டிருந்தாள்.

குடிநீர் அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற மறுநாளே அவர் குடும்ப வரலாற்றில் இறங்கிவிட்டார். தெருவில் அவருக்கு "வம்சம் சார்" என்று பெயர். கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வம்சாவளி வரைபடம், ஆளுக்கு ஒரு கட்டம். அதில் இறந்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர், மையில். இருப்பவர்கள் மூன்றே பேர், பென்சிலில்: அவர், அவருடைய அக்கா, அவள்.

"இருக்கறவங்க விவரம் மாறிக்கிட்டே இருக்கும். செத்தவங்கதான் நம்பகமானவங்க" என்பது அவருடைய ஆய்வு நெறி.

அதில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் கேள்விக்குறி. கொள்ளுப்பாட்டியின் பெயர். அதைத் தேடி மூன்று ஆவணக் காப்பகங்களின் தூசியைத் தன் நுரையீரலுக்கு இடமாற்றம் செய்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். நாலு பஸ் நிறுத்தம் தள்ளித் தனியாக இருப்பவள். போனை எடுத்தது, வழக்கம்போல, மனைவிதான்.

"என்னங்க, உங்க அக்காவுக்குப் பித்தப்பையில கல்லாம். வியாழக்கிழமை ஆபரேஷன். ரத்த உறவு யாராவது கூட வரணுமாம்."

வம்சம் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த "வாராந்திர நிகழ்ச்சி நிரல்" தாளைப் பார்த்தார்.

"திங்கள் காப்பகம். செவ்வாய் தொண்டு, கல்லறைத் தோட்டத்துப் பழைய பதிவேட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். புதன் சரிபார்ப்பு. வியாழன் நூலகத்துல நான் பேசறேன்."

"என்ன பேசறீங்க?"

"உறவுகளைப் பேணுவது எப்படி."

"தள்ளி வைக்க முடியாதா?"

"நாப்பது நாற்காலிக்குச் சொல்லியாச்சு. கல்லுதானே? கொள்ளுத்தாத்தாவோட தம்பிக்கும் கல்லு இருந்திருக்கு. பரம்பரை."

சொன்ன கையோடு அதை ஓர் அட்டையில் குறித்துக்கொண்டார். அக்காவின் வியாதி வீண்போகவில்லை.

திங்கட்கிழமை தும்மிக்கொண்டே திரும்பினார். செவ்வாய்க்கிழமை முன்பின் தெரியாத அறுபது பேருடைய இறந்த தேதிகளைப் பிழையில்லாமல் ஏற்றிவிட்டு, அதில் ஒரு குழந்தைக்காகக் கண்கலங்கினார். அவ்வளவு இளகிய மனசு. புதன்கிழமை அவள் மறுபடியும் கேட்டதற்கு, "எழுதித் தேதி போட்டுக் குடு, பரிசீலிக்கறேன்" என்றார்.

வியாழக்கிழமை அவளே போனாள்.

"ரத்த உறவு யாரும் இல்லையாம்மா?" என்றார் மருத்துவமனைக் குமாஸ்தா.

"இருநூத்திப் பதினாலு பேர் இருக்காங்க. யாரும் வர்ற நிலைமையில இல்ல."

"எல்லாரும் வெளியூரா?"

"எங்க வீட்டுச் சுவத்துல."

குமாஸ்தா படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். உறவு என்ற இடத்தில் "தம்பி மனைவி" என்று எழுதினாள். மையில்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அக்கா கேட்டாள். "அவன் இன்னும் அந்தப் படத்தைத்தான் வரைஞ்சுக்கிட்டு இருக்கானா?"

"ஒரு பேர்தான் கிடைக்கலையாம் அண்ணி. உங்க கொள்ளுப்பாட்டி பேர்."

"அவ பேரைத்தானே எனக்கு வச்சாங்க" என்றாள் அக்கா. "நாலு வருஷத்துல ஒரு தடவை என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை அக்காவை அவள் வீட்டில் கொண்டுவிட்டு, மாற்றுப்புடவை எடுக்கத் தன் வீட்டுக்கு அவள் வந்தபோது அவர் வாளியும் பிரஷ்ஷுமாக வாசலில் நின்றார். சனிக்கிழமை "பொழுதுபோக்கு". யாரோ ஒருவருடைய கல்லறையைத் தேய்த்துக் கழுவி எழுத்தைப் படிப்பது. வாளி தூக்குவது அவள் பொழுதுபோக்கு.

"வந்துட்டியா? கிளம்பு."

அவள் கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சொன்னாள்.

"ஆதாரம்?"

"அண்ணி சொன்னாங்க."

"வாய்மொழி. செல்லாது."

"அண்ணி எப்படி இருக்காங்கன்னு கேக்கலையே."

"டிஸ்சார்ஜ் சீட்டு குடுப்பாங்கல்ல, நகல் எடுத்துட்டு வா. பார்த்துக்கறேன்" என்று வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவள் பையில் புடவைகளை அடுக்கினாள். பிறகு அவர் மேஜையிலிருந்த ரப்பரை எடுத்து, சுவரில் தன் கட்டத்தை நிதானமாக அழித்தாள். பென்சில்தானே, சுலபமாகப் போயிற்று. தூளை ஊதிவிட்டு, அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "எங்க வம்ச ஆய்வுச் சங்கத்துத் தலைவர் வந்திருக்கார். என் பக்கத்துக் கட்டம் காலியா இருக்கு, அசிங்கமா இருக்கு. உன் முழுப்பேரு என்ன, பிறந்த தேதி என்ன, சீக்கிரம் சொல்லு."

"வாய்மொழி செல்லாதுங்க. காப்பகத்துல தேடிப் பாருங்க" என்று அவள் போனை வைத்தாள்.

இப்படி ஒரு சவாலுக்குப் பின்வாங்குகிறவரா அவர்? திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் காப்பகம் திறந்தபோது வாசலில் முதல் ஆளாக நின்றார். மனைவியின் விவரம் கோரும் விண்ணப்பப் படிவத்தில் தெரிந்த கட்டங்களையெல்லாம் நிரப்பினார். "மறைந்த தேதி" என்ற இடத்தில் மட்டும் சற்று யோசித்தார். பிறகு, ஆய்வாளருக்கே உரிய நேர்மையோடு, போன சனிக்கிழமையின் தேதியை எழுதினார். மையில்.