கல்லுமேட்டு இத்தாலியர்கள்

ஒரு மனிதர் எந்த ஊர்க்காரர் என்பதை அவருடைய பேச்சிலிருந்தோ, வீட்டிலிருந்தோ, அக்கம்பக்கத்தார் வாயிலிருந்தோ தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு தவறான நம்பிக்கை மக்களிடையே நிலவி வருகிறது. அதைப் போக்குவதற்காகவே அரசாங்கம் வில்லேஜ் ஆபீஸ் என்ற ஒன்றை ஏற்படுத்தி, அதில் மேசை, நாற்காலி, முத்திரை, ஓர் ஆபீசர் ஆகியவற்றை அந்த வரிசையில் வைத்திருக்கிறது.

எங்கள் கல்லுமேடு, உடும்பஞ்சோலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. நான் இங்கே ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு எதிரே ஆபீஸ். ஆகவே இந்த விவகாரத்தில் நான் கண்டதைத்தான் சொல்கிறேன்.

சுருளிவேல் என்பவர் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளியே மகள் யோகப்பிரியாவை ஆசிரியர் பயிற்சி வரைக்கும் படிக்க வைத்தார். அவளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை வந்தது. முப்பது நாளுக்குள் இந்த ஊர்க்காரி என்று நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேலை பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

வில்லேஜ் ஆபீசர் மோகனசுந்தரத்துக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே வேலந்தாவளம். இங்கே வேலைக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்தவர். தங்கமான மனிதர். 'இல்லை' என்பதைக்கூட மரியாதையாகத்தான் சொல்வார்.

"அம்மிணி, உங்களை எனக்குத் தெரியுமுங்க. உங்கப்பாவையும் தெரியுமுங்க. நீங்க இந்த ஊருங்கறதுல எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லீங்க" என்றார்.

"அப்ப எழுதிக் குடுங்க சார்."

"தெரிஞ்சதையெல்லாம் எழுதிக் குடுக்கறதுக்கு இதென்னங்க, கல்யாணப் பத்திரிகையா? ஐம்பதாம் வருசத்துக்கு முந்தியே உங்க குடும்பம் இங்க இருந்துச்சுங்கறதுக்குக் கடுதாசி வேணுமுங்க."

"எங்க தாத்தா முப்பத்தெட்டுல இங்கதான் பிறந்தாரு. செத்ததும் இங்கதான். மேக்காட்டுச் சுடுகாட்டுல அவரைப் பொதைச்ச எடத்தைக் காட்டவா சார்?"

"செத்ததுக்கு அது ஆதாரமாகுமுங்க. பொறந்ததுக்கு ஆகாதுங்களே."

எஸ்டேட் ஆபீசில், வேலையாட்களின் பெயர் எழுதிய பழைய செக்ரோலைக் கேட்டார்கள். அதைக் கரையான் முழுமையாகப் பரிசீலித்து முடித்திருந்தது. மிச்சம் இருந்தது மாதா கோவில் நோட்டு ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் கோவில் சாமியார்தான் எஸ்டேட்டில் மருந்தும் கொடுத்தார். பிள்ளை பிறந்தால், இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, அவர் நோட்டில்தான் எழுதுவார். வேறு எழுதுகிறவர் கிடையாது. தகப்பன் பெயருக்குப் பதில் கட்டைவிரலை வைப்பான். பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வேண்டும். மலையில் கையெழுத்துப் போடத் தெரிந்து, கூப்பிட்டதும் வரக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். எஸ்டேட் ரோப்வேயை ஓட்டிய இத்தாலிக்கார மெக்கானிக், ஜுசெப்பே ஃபெர்ராண்டி. முப்பத்தாறிலிருந்து முப்பத்தொன்பது வரை பிறந்த நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் அவர்தான் சாட்சி.

போன வருஷம் பழைய நோட்டுகளைக் கணினியில் ஏற்றும் திட்டம் வந்தது. ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து ஏற்றினார்கள். கணினியில் தகப்பன் பெயருக்குக் கட்டம் இருந்தது, சாட்சிக்குக் கட்டம் இல்லை. நோட்டில் தகப்பன் இடத்தில் கட்டைவிரல் இருந்தது, கட்டைவிரலைத் தட்டச்சு செய்ய முடியாது. பக்கத்திலே அழகான கையெழுத்தில் ஒரு பெயர் சும்மா இருந்தது. கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்!

யோகப்பிரியா வாங்கி வந்த நகலை ஆபீசர் இரண்டு தடவை படித்தார். எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தார்.

"அம்மிணி, உங்க தாத்தாவோட அப்பா இத்தாலிங்க."

"அது சாட்சிக் கையெழுத்து சார்! நோட்டையே படம் புடிச்சு வந்திருக்கேன். இந்தாங்க, பெருவிரல். இதுதான் எங்க பூட்டன்."

"பாக்கறனுங்க. ஆனா ரேகைக்குப் பேரில்லீங்களே. கம்ப்யூட்டர்ல பேரிருக்குதுங்க."

"மூணு வருசத்துல நூத்திப்பன்னெண்டு பிள்ளைக சார். ஒரே நாள்ல நாலு பிள்ளை பிறந்திருக்கு. நாலுக்கும் வேற வேற அம்மா."

"அது அவரோட சொந்த விசயமுங்க. ஆபீஸு அதுல தலையிடாதுங்க."

சுருளிவேல் அதுவரை கதவோரம் நின்றிருந்தார். அன்றைக்குத்தான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன். "யார்ட்ட வந்து என்ன பேசுறீக? எங்க அப்பத்தா காதுல விழுந்திருந்தா கருக்கருவாளோட வந்திருக்கும்!"

ஆபீசர் கோபிக்கவில்லை. தகப்பன் பெயரைத் திருத்த வழி இருக்கிறது என்றார். பதிவில் உள்ள தகப்பனார் நேரில் வந்து ஆட்சேபம் இல்லை என்று சொல்ல வேண்டும். அவர் காலமாகியிருந்தால் அவருடைய சொந்த ஊர் ஆபீஸ் எழுதித் தர வேண்டும். சொந்த ஊர் நோட்டிலேயே இருந்தது. வால்பெர்னா, இத்தாலி. யோகப்பிரியா அன்றைக்கே அந்த ஊர் நகராட்சிக்கு ஆங்கிலத்தில் எழுதிப் போட்டாள். இருபத்தாறு நாள் மிச்சம்.

இதற்குள் விஷயம் வெளியே கசிந்தது. பஸ் ஸ்டாப்பில் கணினிக் கடை வைத்திருக்கும் ஜெகன் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, இத்தாலிக்காரன் வம்சம் என்று காட்டினால் இத்தாலி பாஸ்போர்ட்டே கிடைக்கும் என்றான். மறுநாள் அவன் கடையில் பேனர் தொங்கியது: 'இத்தாலிய வம்சாவளி ஒரே நாளில் கண்டறியப்படும். லேமினேஷன் இலவசம்.'

அதற்கப்புறம் கல்லுமேடு கல்லுமேடாக இல்லை. டீக்கடை முகம்மது குட்டி காலையில் போடும் மக்ரோனி உப்புமாவுக்கு எங்கள் பூர்வீகச் சாப்பாடு என்று பெயர் வைத்தார். பத்து வருஷமாக அதைத் தின்று திட்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ருசித்தார்கள். தன் முன்கோபத்துக்குக் காரணம் இன்றைக்குத்தான் புரிந்தது என்றாள் கமலாத்தாள். இத்தாலிக்காரர்கள் கையை ஆட்டித்தான் பேசுவார்களாம்; எல்லோரும் ஆட்டினார்கள். அதற்கு முன்னால் கையை ஆட்டாமல் பேசியவர் இந்த ஊரில் யார் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

தங்கள் வீட்டுக் கொள்ளுப்பாட்டிகளைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்த சுருளிவேலுக்குப் பொறாமைக்காரர் என்று பட்டம் கிடைத்தது. நானும் யோக்கியன் இல்லை. என் அப்பா பெயரும் அந்த நோட்டில் உண்டு. கடைக் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியில் என் மூக்கைப் பக்கவாட்டில் பார்த்தேன். இருக்கலாம் என்றுதான் தோன்றியது.

எழுதிப் போட்ட பத்தொன்பதாம் நாள் வால்பெர்னாவிலிருந்து பதில் வந்தது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, கட்டணம் கேட்காமல், நாளைக்கு வா என்று சொல்லாமல், ஒரு கனத்த உறை.

ஃபெர்ராண்டி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை கிடையாது, அறுபத்தொன்றாம் வருஷம் காலமானார். ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு தடவையும் அது யாருடைய விரல் என்று தம் சொந்த நோட்டில் குறித்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டவனுக்குப் பொறுப்பு உண்டு என்று நினைத்த அப்பாவி மனிதர். அந்த நோட்டை அவருடைய தங்கை வால்பெர்னா ஆவணக் காப்பகத்தில் கொடுத்திருந்தாள். நூற்றுப்பன்னிரண்டு பதிவையும் மொழிபெயர்த்து, முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள்.

யோகப்பிரியா என் கடையில் உட்கார்ந்துதான் தன் தாத்தாவின் பதிவைப் படித்தாள். 'குழந்தை வீரபாண்டி. தகப்பன் சுருளி, தாய் மருதாத்தாள். நான்காம் லைன், ஏழாம் வீடு. தகப்பன் மழையில் நனைந்து வந்தான். விரலில் மை ஒட்டவில்லை. மூன்று முறை வைத்தான். சிரித்துக்கொண்டே இருந்தான்.'

சுருளிவேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் என் அப்பாவின் பதிவைத் தேடிப் படித்து உருகித்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். எங்கள் பாட்டன்மார் இந்த மலையில் இருந்தார்கள் என்று எழுதி வைக்க இந்த ஊரில் ஒரு நாதி இல்லை. எங்கோ ஒரு மெக்கானிக் எழுதி வைத்திருக்கிறான்.

இந்த உருக்கம் எனக்குச் சாயங்காலம் வரைக்கும் நீடித்தது. சாயங்காலம் முகம்மது குட்டியின் டீக்கடையில் கூட்டம் போட்டார்கள்.

"அந்தக் கடுதாசி ஆபீசுக்குப் போனா நம்ம எல்லாரோட பாஸ்போர்ட்டும் போச்சு" என்றான் ஜெகன். "ஒரு புள்ள வேலைக்காக நூத்திப்பதினோரு குடும்பம் அழியணுமா?"

"அந்த நோட்டு பொய்யின்னு எழுதிக் குடுப்போம். எங்க வாப்பா நெறத்தப் பாத்திருந்தா இத்தாலிங்கறதுல யாரும் சந்தேகப்பட மாட்டாக" என்றார் முகம்மது குட்டி.

ஜெகன் தட்டச்சு செய்த ஆட்சேபம் நல்ல தமிழில் இருந்தது. 'மேற்படி இத்தாலிய நோட்டு பொய்யானது என்றும், எங்கள் முன்னோர் இத்தாலியர் என்றும், நாங்கள் இவ்வூரைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்றும் மனப்பூர்வமாக அறிவிக்கிறோம்.' நூற்றுப்பதினோரு குடும்பத்தாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐம்பத்தெட்டாவது கையெழுத்து ஆபீசரின் மனைவி மௌனிகாவுடையது. அவளுடைய தாத்தாவும் அந்த நோட்டில் பிறந்தவர்தான். இருபத்துமூன்றாவது என்னுடையது. யோகப்பிரியா என் கடை வாசலைக் கடந்து போனபோது கணக்குப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆபீசருக்கு இருபக்கமும் இடி. ஒரு பக்கம் முத்திரை குத்திய வெளிநாட்டுக் கடிதம், இன்னொரு பக்கம் நூற்றுப்பதினோரு கையெழுத்துள்ள ஆட்சேபம். இரண்டு நாள் யோசித்து, இரண்டையும் மதிக்கும் ஒரு தீர்ப்புக் கண்டார். யோகப்பிரியா கல்லுமேட்டைச் சேர்ந்தவர் என்று சர்ட்டிபிகேட் எழுதி, அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'ஆதாரம் இத்தாலியில் உள்ளபடியால், இச்சான்று இத்தாலியில் மட்டும் செல்லுபடியாகும்.'

"இத வச்சு நான் என்ன சார் செய்ய? நாளைக்குக் கடைசி நாளு."

"முத்திரை நல்லா உளுந்திருக்குதுங்க, அம்மிணி" என்றார் ஆபீசர், அவளைப் பார்க்காமல். "கொண்டு போய்க் குடுங்க."

மனிதர் தொழில் தெரிந்தவர். கல்வி அலுவலகத்தில் முத்திரையைப் பார்த்தார்கள், வரிசை எண்ணைக் குறித்தார்கள், கோப்பில் கட்டினார்கள். அடியில் இருக்கும் வரியைப் படிப்பது அங்கே யாருடைய வேலையும் இல்லை. யோகப்பிரியா மறுநாளே வேலையில் சேர்ந்தாள். இன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஆனைக்கரை பஸ்ஸில் போகிறாள். என் கடைப் பக்கம் திரும்புவதில்லை.

மூன்று மாதம் கழித்து, ஜெகன் கடை மூலம் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருந்த எங்கள் நூற்றுப்பதினோரு பேருக்கும் இத்தாலித் தூதரகத்திலிருந்து ஒரே மாதிரி ஒரு தாள் வந்தது. திரு. ஃபெர்ராண்டிக்கு வாரிசு இல்லை என்று அவருடைய சொந்த ஊர் சான்றளித்திருக்கிறது, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஜெகன் பேனரைக் கழற்றினான். லேமினேஷன் செய்த வம்சாவளிகள் ஏலக்காய் உலர்த்தும்போது தட்டுக்கு அடியில் வைக்க உதவுகின்றன.

அந்த மழைக்காலத்தில்தான் என் பையன் நவீன்குமார் பெயர் ஒரு வேலைப் பட்டியலில் வந்தது. முப்பது நாளுக்குள் நேட்டிவிட்டி வேண்டும். எதிர் ஆபீஸ்தானே என்று தைரியமாகப் போனேன்.

"வாங்க. உங்களைத் தெரியாதுங்களா?" என்றார் ஆபீசர். "ஆதாரம் ஏதாச்சும் இருக்குங்களா?"

"அதான் அந்த இத்தாலி நோட்டு இருக்கே சார். எங்க தாத்தா பேரு, லைன் நம்பர், எல்லாம் அதுல இருக்கு."

"அது பொய்யின்னு நீங்கதானுங்க எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அது ஏதோ ஊரோட ஒத்து..."

"என்ற பையன் ஸ்காலர்ஷிப்புக்கு நானே இதுவரைக்கும் சர்ட்டிபிகேட் குடுக்கலீங்க. அவங்கம்மா அம்பத்தெட்டாவது கையெழுத்துப் போட்டிருக்குது. ஊட்டுல சோறு இல்லீங்க. பேச்சும் இல்லீங்க." அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் மனுவில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

'மனுதாரர் தாமே மனப்பூர்வமாக அளித்த வாக்குமூலத்தின்படி இவ்வூரைச் சேர்ந்தவர் அல்லர். மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.' கூடவே வாக்குமூலத்தின் நகல்.

கடைக்கு வந்து மூன்று தடவை படித்தேன். ஒரு தப்பும் அகப்படவில்லை.

"அப்ப நாம எந்த ஊருப்பா?" என்று கேட்டான் நவீன்குமார்.

நான் நகலைத் திருப்பி இருபத்துமூன்றாவது வரியைப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையதுதான். நன்றாகவே போட்டிருக்கிறேன்.