பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

மதிப்பும் பாசமும் கொஞ்சம் பயமும் கலந்து மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு இன்றுவரை முழுசாக இருக்கும் உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அங்கே உங்கள் நலம், அக்கா நலம், உங்கள் முதுகுவலியின் நலம் எல்லாம் அறிய ஆவல். முதுகுவலி மட்டும் நலமில்லாமல் போகட்டும்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு விஷயத்துக்கு வருகிறேன். மகள் வேலை பார்க்கிற ஊரில், ஓட்டலில் போய் இறங்கியதும் வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் ஒரு கார்டை நீட்டினாள். விசிட்டிங் கார்டு போல என்று நினைத்து, மரியாதைக்கு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "என்கிட்ட கார்டு இல்லம்மா, ரிட்டயர்டு ஆளு" என்று சைகையில் சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். கதவில் சாவி போட ஓட்டையே இல்லை. தள்ளுகிற கதவாக்கும் என்று தோளைக் கொடுத்து ஓர் இடி இடித்தேன். திறந்தது மச்சான், ஆனால் உள்ளேயிருந்து. முகம் பூரா வெள்ளையாக எதையோ அப்பிக்கொண்டு, கண் மட்டும் தெரிகிற ஓர் அம்மாள் நின்றிருந்தார். எனக்கு வந்த பயத்தில் "வணக்கம்" என்றேன். அதோடு விட்டேனா? "சாப்பிட்டாச்சா?" என்றும் கேட்டுவிட்டேன். என் அறை அதற்கு அடுத்தது. ரூம் பாய் ஓடிவந்து என் சட்டைப் பையிலிருந்தே கார்டை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டுப் போனார். அதே கார்டை உள்ளே சுவரில் செருகினால்தான் லைட்டு எரியும் என்பது, நான் இருட்டிலேயே குளித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. நீங்கள் போனால் கார்டை வாங்கியதும் செருகுங்கள், குசலம் விசாரிக்காதீர்கள்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பையனைப் பார்த்துவிட்டு வரத்தானே என்னை அந்த ஊருக்கு அனுப்பினீர்கள்? நான் திரும்பி வந்து வாயைத் திறப்பதற்குள் உங்கள் தங்கை, "உங்களுக்கு என்ன தெரியும்? அண்ணன் போய்ப் பாத்துட்டு வரட்டும். அவர் சரின்னாதான் சரி" என்று முடித்துவிட்டாள். நீங்களும் அடுத்த வாரம் கிளம்புவதாகக் கேள்வி. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே ஸ்பீக்கரை அமுக்கிவிட்டு உங்கள் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம்ம பொண்ணு வேலை பார்க்கிற பல் செட் செய்யும் லேபில்தான் அவனும் வேலை பார்க்கிறான். பாஷை வேறு. நம்மோடு பேசவேண்டும் என்பதற்காகவே பாடம் வைத்துத் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறான். பாடம் எழுதினவர் எந்தக் காலத்து ஆளோ, நான் போய் இறங்கினதும் என்னைப் பார்த்து, "வருக மாமா, தாங்கள் களைப்புற்றிருக்கிறீர்களா?" என்றான். நான் பின்னால் யாராவது ராஜா வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். அன்றிலிருந்து என் மனசுக்குள் அவன் பெயர் செந்தமிழ்.

அந்த ஊர் நெரிசலில் பகலில் டாக்ஸி நகராது, ரயிலில்தான் போகவேண்டும். ஒரு நாள் மூன்று பேரும் கிளம்பினோம். கதவருகே ஜனம் அப்பிக்கொண்டு நிற்கிறது. உங்களுக்குத்தான் தெரியுமே, ஆயுசு பூரா கண்டக்டர் வேலை பார்த்த வாய் சும்மா இருக்குமா? "உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல எவ்ளோ இடம் கெடக்கு பாருங்க!" என்று ஒரு குரல் விட்டேன். ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது மச்சான், ஆனால் அத்தனை பேரும் அலுங்காமல் உள்ளே நகர்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிளாட்பாரத்திலேயே நின்று, பின்னால் வந்தவர்களையெல்லாம் முதுகில் கைவைத்து ஒவ்வொருத்தராக ஏற்றிவிட்டேன். கதவு மூடிக்கொண்டது. மகளும் பையனும் உள்ளே, நான் வெளியே. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தவன் படியெல்லாம் ஓடி, மூச்சு வாங்க என் கையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சற்க மாமா" என்றான். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த ரயிலில் ஏறி இறங்கும்வரை அவன் என் கையை விடவே இல்லை, அதையும் சொல்லவேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் பயப்படாதீர்கள், ஆனால் மெனுவில் படத்தைப் பார்த்துக் கைகாட்டாதீர்கள். ஒரு நாள் தனியாகப் போய் அழகான படத்தைத் தொட்டுக் காட்டினேன், ஒரு கல்யாண கோஷ்டிக்கு ஆகிற சாப்பாடு வந்து இறங்கியது. பக்கத்து மேஜைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் பந்தி பரிமாறிவிட்டு வந்தேன். பையனோடு போனால் கவலையில்லை. முதல் நாள் நான் மென்றுகொண்டிருக்கும்போது என் வாயையே முறைத்துப் பார்த்தான். மரியாதை தெரியாத பயல் என்று மனசுக்குள் திட்டினேன். மறுநாளிலிருந்து எங்கே போனாலும் எனக்கு மட்டும் எல்லாம் குழைய வெந்து வந்தது. இடது பக்கம் எனக்குக் கடைவாய்ப் பல் இல்லை என்பதை அவன் பார்த்த ஒரே பார்வையில் கண்டுபிடித்திருக்கிறான். இத்தனை வருஷத்தில் உங்கள் தங்கைக்கே அது தெரியாது. சொல்லிவிடாதீர்கள்.

கடைத்தெருவில் பேரம் பேசிவிட்டு, "அப்ப வேணாம்" என்று திரும்பி நடந்தால் கூப்பிடுவார்கள் என்பது நம் கணக்கு. உங்கள் தங்கைக்கு ஒரு கைப்பையைப் பார்த்து அப்படித்தான் நடந்தேன். மெதுவாக நடந்தேன். நின்று செருப்பைச் சரிசெய்தேன். இருமினேன். அந்தக் கடைக்காரர் என்னைக் கூப்பிடவே இல்லை. வெட்கத்தை விட்டு நானே திரும்பிப் போனால் பை விற்றுப்போயிருந்தது. வாங்கினவன் செந்தமிழ். "அத்தைக்கு" என்று நீட்டினான். நான் நாகரிகமாக, "பரவாயில்ல, பரவாயில்ல" என்றேன். பெட்டியைத் தூக்க வந்தாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாலும் பரவாயில்லை. நம்ம வாய்க்கு வேறு வார்த்தை ஏது?

இனிமேல்தான் முக்கியமான குறிப்பு. கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் மகள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அப்பா, அவர் முன்னாடியே சொல்லுங்க. உங்களுக்கு அவரைப் புடிச்சிருக்கா?"

நான் நல்ல மனசோடு, நெஞ்சார, "பரவாயில்லம்மா" என்றேன்.

நம்ம வீட்டில் அதற்கு மேல் பாராட்டு உண்டா மச்சான்? உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்துவிட்டு, வாசலில் உங்கள் அப்பாவிடம் நானும் அதைத்தானே சொன்னேன்? அவர் அன்றைக்கே தேதி குறிக்கவில்லையா? ஆனால் பையன் ஸ்பூனை மெதுவாகக் கீழே வைத்தான். "புரிகிறது மாமா. நன்றி" என்றான். என் கிண்ணத்தில் சூப் குறைந்திருந்தது, அதை நிரப்பினான். பிறகு டாக்ஸி பிடித்து வருவதாக எழுந்து வெளியே போனான்.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க!" மகள் கண்ணில் தண்ணீர்.

"நான் என்ன பண்ணேன்? நல்லாருக்குன்னுதானே சொன்னேன்!"

"வந்ததுலேர்ந்து அவர் எதைக் குடுத்தாலும் பரவாயில்லன்னு தள்ளிவிட்டீங்க. அவருக்கு அந்த வார்த்தைக்கு வேண்டாம்னுதான் அர்த்தம்!"

"சரி, நீ விளக்கிச் சொல்லிடு."

"நான் சொன்னா எனக்காகச் சமாளிக்கிறேன்னு நெனைப்பார். நீங்கதான் சொல்லணும்."

சொல்லியிருக்க வேண்டும். டாக்ஸி வந்துவிட்டது. டாக்ஸிக்குள் ஏறினதும், ஜன்னல் வழியாகக் கட்டடங்களைப் பார்த்து "எவ்ளோ உயரம்!" என்றேன். அதுதான் நான் சொன்னது. நீங்களாவது போய், பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று அவனுக்குப் புரிகிற மாதிரி உரக்கச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் முதுகுக்குச் சூடு ஒத்தடம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை சொன்னபடி கேட்கும்,
மைத்துனன்

பி.கு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிடுங்கள். கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் போன் பண்ணினாள். நல்லவேளை, உங்கள் தங்கை குளிக்கப் போயிருந்தாள். ஊரார் பல்லுக்கெல்லாம் அளவெடுக்கிறவன் தன் பல்லுக்கு வேலையே கொடுப்பதில்லையாம், சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறானாம். எனக்குப் பொறுக்கவில்லை. "மாமாவுக்குப் புடிச்சுப்போச்சு, ரெண்டு பேரும் கெளம்பி வாங்க" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு மாமா நீங்கள், அவனுக்கு மாமா நான். எந்த மாமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறார்கள். அதற்கு முன்னால் நீங்கள் வந்து, இது உங்கள் முடிவுதான் என்று உங்கள் தங்கையிடம் சொல்லி என்னைக் காப்பாற்றவேண்டும். இன்னும் ஒன்று. ஏர்போர்ட்டில் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவன் முன்னால் நடந்தபோது, பின்னாலிருந்து கூப்பிட ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. தாய்மாமன் நீங்கள் இருக்க நான் முந்தக்கூடாது என்று விழுங்கிவிட்டேன். அது பொய், எனக்குத்தான் வாய் வரவில்லை. மாப்பிள்ளை என்று கூப்பிட நினைத்தேன்.