அலுமாரிக்குள் பதினொரு விசில்

உலகத்தில் கப்பல் ஊதும் சத்தம் கேட்டுப் புல்லுக்கட்டோடு ஓடிய ஒரே மனிதர் எங்கள் விசிலர்தான். எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. இரண்டாவது ஒருவரைக் கண்டதில்லை. நீங்கள் கண்டிருந்தால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அந்த நாளில் ஒரு மிருகக்காட்சிச்சாலை இருந்தது. அப்போதே பழசு. பதினாறு கூடுகள், அவற்றில் ஐந்துக்குப் பூட்டு இல்லை. நான் அங்கே கிளாக்கர். தினமும் காலையில் எல்லாவற்றையும் எண்ணி இடாப்புப் புத்தகத்தில் எழுதவேண்டும். மயில் ஆறு, குரங்கு ஒன்பது, மலைப்பாம்பு ஒன்று. ஒன்பதாம் கூட்டில் கினிப்பன்றிகள்.

பெயரைக் கேட்டுப் பன்றி என்று நினைக்கவேண்டாம். தென்னமெரிக்காவில் பிறந்த வம்சம். எலிக்குச் சொந்தம், ஆனால் வால் இல்லை. இரண்டு கைக்குள் அடங்கும். பசித்தால் விசிலடிக்கும். அவற்றைப் பார்த்துக்கொண்ட மனிதரும் பதிலுக்கு விசிலடிப்பார். அதனால் அவர் விசிலர். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பள நாளில்கூட ஒருவரும் கூப்பிட்டதில்லை.

எந்தக் கீரையையும் தான் முதலில் சப்பிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டுக்குள் போடுவார்.

"என்ன விசிலர், மாடு மாதிரி?"

"நான் தின்னாததை என்ர பிள்ளையளுக்குக் குடுக்கமாட்டன் கிளாக்கர். இண்டைக்கு வல்லாரை கசக்குது. நீங்களும் ஒருக்காச் சப்பிப் பாருங்கோ."

சப்பினேன். கசந்தது. அன்று முழுவதும் வயிற்றைப் பற்றியே எனக்கு யோசனை.

அவரிடம் மணிக்கூடு இல்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் தீனி நேரம், அவ்வளவுதான். ஊதின மறுகணமே கூடு முழுக்க விசில் பறக்கும்! கப்பல் வராத நாட்களில் கூட்டுக்குப் பின்னால் நின்று, கைகளை வாயில் குவித்து, "பூ...ம்ம்" என்று தானே ஊதுவார். பிறகு முன்னால் ஓடிவந்து, "கப்பல் வந்திட்டுது, கப்பல் வந்திட்டுது!" என்று புல்லைப் போடுவார்.

சிக்கல் எண்ணிக்கையில் வந்தது. ஒன்பதாம் கூட்டுக்கு அனுமதி இருபத்துநாலு. கூடினால் மிச்சத்தைப் பத்தாம் கூட்டுக்குள் விடவேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. பத்தாம் கூட்டில் இருந்தது மலைப்பாம்பு.

விசிலர் பதறிப்போய் ஆணையும் பெண்ணையும் பிரித்து நடுவில் பலகை அடித்தார். இனிப் பெருகாது என்று சத்தியம் செய்தார். இரண்டரை மாதம் கழித்து ஓடிவந்தார்.

"கிளாக்கர், எங்கட கிழவன் மூண்டு குட்டி போட்டிட்டான்!"

"கிழவன் எப்பிடி ஐசே குட்டி போடும்?"

"அதைத்தான் நானும் அவனிட்டக் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

அந்தக் கிழமையே ஆண்கள் பக்கத்தில் வேறு சிலரும் குட்டி போட்டார்கள். அந்தக் குட்டிகள் பிறக்கும்போதே உரோமமும் திறந்த கண்ணுமாய்ப் பிறந்து, அன்றைக்கே ஓடும். ஓடுவதை எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று எண்ணுகிறவனுக்குத்தான் தெரியும்.

இந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து பரிசோதகர் வருகிறார் என்று கடிதம் வந்தது. அவர் வந்த காலையில் மூன்று தரம் எண்ணினேன். முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்துநாலு. விசிலரின் சேர்ட் பொக்கற் அசைந்துகொண்டிருந்தது.

"பதினொண்டு கூட, விசிலர். நான் பொய் எழுதமாட்டன்."

"ஆர் உங்களைப் பொய் எழுதச் சொன்னது? கூட்டுக்குள்ள இருக்கிறதைத்தானே எழுதுவியள்?"

பத்து நிமிடத்தில் அந்தப் பதினொன்றும் என் கந்தோர் அறை அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய பேப்பருக்கு மேலே, வல்லாரையோடு. "இப்ப எண்ணுங்கோ," என்றார். கூட்டில் இருபத்துநாலு. என் இடாப்பு உண்மை பேசியது; நான்தான் அலுமாரிப் பக்கம் பார்க்காமல் எழுதினேன்.

பரிசோதகர் குடையால் சுட்டிச் சுட்டி எண்ணினார். இருபத்துநாலு. திருப்தியோடு கந்தோருக்குள் வந்து, கதிரையில் அமர்ந்து, கையெழுத்துப் போடப் பேனையைத் திறந்தார். பெயரின் முதலெழுத்துக்கூட விழவில்லை.

கப்பல் ஊதியது!

அலுமாரி விசிலடித்தது. பதினொரு தொண்டை, ஒரே நேரத்தில்! பரிசோதகரின் பேனை நின்றது.

"என்ன சத்தம் அது?"

வாசலில் நின்ற விசிலர் இரண்டு விரலை வாய்க்குள் விட்டு ஓங்கி அடித்தார். "நான்தான் ஐயா. கப்பல் ஊதினா எனக்கு விசில் வந்திடும்."

"நீர் கதைக்கேக்கையும் வருகுதே?"

விசிலருக்கு வாய் ஒன்றுதான். பதில் சொன்னால் விசிலடிக்க ஏலாது, விசிலடித்தால் பதில் சொல்ல ஏலாது. அவர் என்னைப் பார்த்தார். பரிசோதகர் எழுந்து அலுமாரிப் பக்கம் திரும்பினார். மூன்று அடி தூரம். கதவு திறந்தால் பதினொன்றும் பாம்புக்கு.

நான் விசிலடித்தேன்.

வாழ்நாளில் முதல் தரம். கிளாக்கர் வேலையில் விசிலுக்கு இடமே இல்லை. ஆனாலும் இரண்டு விரலை விட்டு, கண்ணில் தண்ணீர் வர அடித்தேன். விசிலர் மூச்செடுக்க நான், நான் மூச்செடுக்க விசிலர்.

"இங்க கப்பல் வந்தா எல்லாரும் அடிக்கிறது வழக்கம் ஐயா," என்றேன் இடையில்.

பரிசோதகர் நின்றபடியே கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுக் குடையை எடுத்தார். "இருபத்துநாலு கினிப்பன்றி, ரெண்டு விசரர்," என்று நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றி முணுமுணுத்துக்கொண்டு போனார். கணக்கு சரி.

விசிலர் அலுமாரியைத் திறந்து குனிந்தார். "பயப்பிடாதையுங்கோ மக்கள், மாமாவும் எங்கட ஆள்தான்." மாமா என்றது என்னை. அன்று மாலையே பதினொன்றையும் பெட்டியில் போட்டு, சைக்கிளில் அன்புவழிபுரத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே கட்டளையும் இல்லை, எண்ணுகிறவனும் இல்லை.

இப்போது மிருகக்காட்சிச்சாலையும் இல்லை, விசிலரும் இல்லை. நேற்றுக் காலை கப்பல் ஊதியது. "ஏனப்பா வாய்க்குள்ள கையை வைக்கிறியள்?" என்று குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள். எனக்கு மிஞ்சியிருப்பவை நாலு பல். வெறும் காற்றுத்தான் வந்தது. ஆனாலும் கப்பல் ஓயும்வரை நிறுத்தவில்லை; அந்தப் பக்கம் அவர் தனியே விசிலடித்துக்கொண்டு நிற்கக்கூடாதே.