கொடைக்கானலுக்கு ஒரு மியூச்சுவல்

பக்கத்து வீட்டு சிங்காரவேல் நெய்வேலிச் சுரங்கத்தில் பர்மனென்ட் ஊழியர். அவர் மனைவி மலர்விழி போனில் ஒரு புது நாகரிகத்தைப் பார்த்துவிட்டார். லீவுக்குப் போகிறவர்கள் இப்போதெல்லாம் ஓட்டலில் தங்குவதில்லையாம். இரண்டு குடும்பங்கள் வீட்டை மாற்றிக்கொள்கிறார்களாம். தேடியதில் கொடைக்கானலில் செந்தில்நாதன் குடும்பம் கிடைத்தது. மே மாதத்தில் நெய்வேலிக்கு வர அந்த மனிதருக்கு என்ன கிறுக்கு என்று கேட்காதீர்கள். அவருக்குப் பண்ருட்டிப் பலா என்றால் உயிர். தவிர, ஏசி போட்டு ஒரு நாளாவது தூங்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாழ்நாள் ஆசை.

இருப்பது கம்பெனி குவார்ட்டர்ஸ் ஆயிற்றே, டவுன்ஷிப் குடியிருப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று சிங்காரவேல் போனார். நல்லவர்களுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

அதிகாரி அறிவழகன் நிமிர்ந்து பார்த்தார். “வீடு மாத்திக்கணுமா? மியூச்சுவலா?”

டவுன்ஷிப்பில் மியூச்சுவல் என்றால், இரண்டு ஊழியர்கள் தங்கள் குவார்ட்டர்ஸை நிரந்தரமாக மாற்றிக்கொள்வது. சிங்காரவேலுக்கும் அது தெரியும். ஆனால் அதிகாரி முன்னால் நிற்கும்போது எதற்கும் ஆமாம் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

“ஆமாங்க சார்.”

“எதிர்பார்ட்டி எந்த பிளாக்?”

“கொடைக்கானல் சார்.”

“என்ன டைப்?”

“ரெண்டு ரூம், முன்னாடி தோட்டம்.”

“டைப் டூ. ஆளு பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?”

“சொந்த வூடு சார்.”

“அப்ப பர்மனென்ட்.”

ஒரு வாரம் பனியில் போட்டோ எடுத்துவிட்டுக் குடும்பம் திரும்பியது. வாசலில் செந்தில்நாதன் பெயர்ப்பலகை. மாட்டியது அலுவலகம். சிங்காரவேல் ஓடினார்.

“சார், என் வூட்டுல வேற பேரு தொங்கிக்கினு இருக்கு!”

“உங்க வீடு கொடைக்கானல்ல இருக்குங்க. மியூச்சுவல் போட்டா மூணு வருஷத்துக்குத் திரும்ப மாத்த முடியாது.”

“நாளைக்கு எனக்கு முதல் ஷிப்ட். மலையிலேர்ந்து எப்படி சார் வர்றது?”

“அது டிரான்ஸ்போர்ட் செக்‌ஷன்.”

“ஸ்கூல் தெறக்கப் போவுது சார். பொண்ணக் கூட்டிக்கினு நான் எங்க போவேன்?”

அவர் குரல் உடைந்ததும் அறிவழகன் மனம் இளகிவிட்டது. “செந்தில்நாதன் வீட்டுல விருந்தாளியா தங்கிக்குங்க. ஆனா வீட்டுக்காரர் கூடவே இருக்கணும். அவர் ஊரவிட்டுப் போனா நீங்க ஆக்கிரமிப்பு.”

செந்தில்நாதன் இரக்கமுள்ளவர். அதனால் மாட்டிக்கொண்டார். இரண்டு அறையில் இரண்டு குடும்பம். ஏசி யாருக்கு என்று தினமும் சண்டை. பலாப்பழ வாசனை வந்தாலே அவருக்கு இப்போது குமட்டுகிறது.

அங்கே கொடைக்கானல் வீடு பூட்டிக் கிடக்கலாமா? டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் அல்லவா! அதன் பராமரிப்பு நிலையை நேரில் ஆய்வு செய்யும் பொருட்டு, அறிவழகன் மனைவி மக்களோடும் மைத்துனரோடும் புறப்பட்டுப் போனார். ஆய்வு முடிய நாளாகும் போலிருந்தது. குளிர் காலத்தையும் பார்த்தால்தானே நிலவரம் தெரியும்.

பிளாக்கே கொதித்தது. இந்த அக்கிரமத்தைத் தட்டிக் கேட்க ஆளில்லையா என்று எல்லோரும் அலுவலகத்துக்குத் திரண்டு போனோம். அங்கே இரண்டாம் கட்ட ஆய்வுக் குழுவுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோஷம் போட வந்த கூட்டம் சத்தமில்லாமல் வரிசையாகிவிட்டது.

எனக்கு முன்னால் நின்றவர் சிங்காரவேல்.

“என்னங்க, உங்க வீட்டுப் பிரச்சினை?” என்றேன்.

“அத அப்புறம் பாத்துக்கலாங்க,” என்றார், இடம் போய்விடாமல் முன்னால் நகர்ந்துகொண்டே. “இது ஆன் டியூட்டியாம்.”