இங்கன்னா எங்க?

"இங்கதான்" என்ற சொல்லைக் கேட்டாலே ரத்தம் கொதிக்கும் மனிதர் இந்தக் கடற்கரையில் ஒரே ஒருவர்தான்: எங்கள் விலாசம் அண்ணன். அவருடைய நிஜப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டுமே தெரியும்.

குயிலாப்பாளையத்தில் எங்கள் சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸில் நெட்வொர்க் பார்த்தார். அதற்கு முன் அனுமந்தையில் கேபிள் டிவி ஒயர் இழுத்தவர். "வீடு இங்கதாங்க" என்றவர்களை நம்பி வெயிலில் ஏணியோடு தெருத்தெருவாக அலைந்ததில் வந்த கோபம் அது.

போனில் "இங்கதாண்ணே, வந்துட்டேன்" என்றால் தொலைந்தோம். "இங்கன்னா எங்கடா? உன் இங்க வேற, என் இங்க வேற!" தன் தங்கை வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையில் "இடம்: எங்கள் இல்லம்" என்றிருந்ததைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்பினார். பந்திக்கு மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மரக்காணம் உப்பளங்களுக்கு நாங்கள் போனில் மழை எச்சரிக்கை அனுப்பிவந்தோம். ஒரு சித்திரை மாதக் காலையில் அதைப் புது ஏற்பாட்டுக்கு மாற்றினேன். ஒவ்வொரு புரோகிராமும் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடும். எச்சரிக்கைகளை வரிசையில் வைத்திருக்கும் மெசேஜ் சர்வர் ஒரு பெட்டியில், அவற்றை எடுத்து அனுப்பும் புரோகிராம் இன்னொன்றில்.

மதியம், இரண்டு மணி நேரத்தில் மழை என்று தகவல் வந்தது. ஒரு எச்சரிக்கைகூடப் போகவில்லை. பதறிப்போய் உப்பளத்துச் செல்வி அக்காவைக் கூப்பிட்டேன்.

"மெசேஜ் ஒண்ணும் வரலியே தம்பி. பத்து நாள் உப்பு பாத்தியிலயே கெடக்குது. சரி, நான் ஆளுங்கள எறக்கி வாரிடுறேன். மத்தவங்களுக்கு யாரு சொல்றது?"

அத்தனை பேருக்கும் கையால் போன் போட்டால் மழை முந்திக்கொள்ளும். அண்ணனிடம் ஓடினேன்.

"சர்வர் ஓடுதுண்ணே. அனுப்புற புரோகிராம் மொதல்ல அதோட கனெக்ட் ஆகுது, அப்புறம் அறுந்துடுது."

"கனெக்ட் ஆனதும் சர்வர் என்ன சொல்லுது?"

"இனிமே என்னை லோக்கல்ஹோஸ்ட்ல வந்து பாருன்னு சொல்லுது."

"அப்படின்னா?"

"அது... இங்கதான்னு அர்த்தம்ணே."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணன் எழுந்தே விட்டார்.

"இங்கன்னா எங்கடா? அது தன் பெட்டியில ஒக்காந்துகிட்டு இங்கன்னு சொல்லுது. அனுப்புற புரோகிராம் தன் பெட்டிக்குள்ளயே தேடிக்கிட்டிருக்குது!"

அந்த விலாசத்தை எழுதியவன் நான்தான். சோதித்தபோது என் லேப்டாப்பில் எல்லாம் ஒரே இடத்தில் ஓடியதால் பொருந்திவிட்டது. நம் இடத்தில் நின்றுகொண்டே வழி சொல்கிறோம். கேட்பவன் எங்கே நிற்கிறான் என்று யோசிப்பதில்லை. அவமானமாக இருந்தது. லோக்கல்ஹோஸ்ட்டை அழித்து, மற்றப் பெட்டிகளுக்குத் தெரிந்த சர்வரின் பெயரை எழுதினேன். தேங்கிய எச்சரிக்கைகள் மடமடவென்று கிளம்பின.

சாயங்காலம், கொட்டும் மழையில் செல்வி அக்காவின் போன். "எல்லாரும் வாரி மூடிட்டாங்க தம்பி. கோளாறைக் கண்டுபிடிச்சாருன்னு சொன்னியே, அந்த அண்ணன் எங்க?"

"இங்கதான்கா இருக்காரு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அண்ணன் திட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனை வாங்கினார்.

இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கதவு எண், எத்தனையாவது மாடி, லிப்ட்டுக்கு எந்தப் பக்கம் என்பதுவரை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனாலும் ஆபீஸில் யாராவது அண்ணன் எங்கே என்று கேட்டால், என் வாயில் "இங்கதான்" என்றுதான் வருகிறது.