தாணு அண்ணாச்சி ஸ்டியரிங் நிமிர்த்தியது

தாணு சபதம் போட்டுவிட்டார். கூட்டுறவு வங்கியில் முப்பத்தைந்து வருஷம் யாரிடமும் எதிர்த்துப் பேசாமல் ஓய்வு பெற்ற மனிதர் சபதம் போடுகிறார் என்றால் விஷயம் லேசுப்பட்டதாக இருக்காது.

"இந்த ஸ்டியரிங்கை நான்தான் சரியாக்குவேன். வேற ஒருத்தன் கை இதில படாது."

விஷயம் அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய எழுபத்தாறாம் வருஷத்து அம்பாசிடர். போன மாதம் தாழக்குடிப் பக்கம் வாய்க்கால் மடைக்கல்லில் ஏறி இறங்கியதில் ஸ்டியரிங் தண்டு விலகிப்போனது. வளையம் கல்லாகிவிட்டது. இடதுபுறம் திரும்ப அவர் இருக்கையை விட்டு எழ வேண்டும். வலதுபுறம் திரும்ப சுசீந்திரம் தாணுமாலயசாமியைக் கூப்பிட வேண்டும்.

பூதப்பாண்டியில் சொந்தமாக மாவு மில் நடத்துகிற கோமளவல்லி, புருஷனின் சபதத்தை இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை குழித்துறையில பேரனுக்கு மொதச் சோறு குடுப்பு. ஓர்மை இருக்கா?"

"இருக்கு."

"அதுக்குள்ள சரியாவல்லன்னா வண்டியை வித்துருவோம். கேட்டு ஆளு வந்தாச்சு."

"ஏட்டி! அது வண்டியில்ல, என் உசிரு!"

"அப்பம் உசிரை வடசேரி ஆன்ட்ரூஸ் மெக்கானிக்கிட்ட காட்டுங்க."

"அவன் என்னைப் பாத்துச் சிரிச்சவன்."

"நானும்தான் சிரிக்கேன். செரி, நான் ஒரு மட்டம் ஓட்டிப் பாக்கட்டா?"

"இது மாவரைக்க மிஷின் இல்ல. உன் கைக்கு நிக்காது."

முப்பது வருஷமாக இதே கேள்வி, இதே பதில். கோமளவல்லி ஒன்றும் சொல்லாமல் மில்லுக்குப் போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தாணுவுக்குத் தெரியும். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டார்.

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் டீ குடித்துக்கொண்டே பன்னிரண்டு நிமிஷத்தில் தன் பழைய காரின் தண்டை நேராக்கினார். தாணுவும் டீ குடித்தார். அதுவரைக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான் நடந்தது. பிறகு கண்ணில் பட்ட போல்ட்டை எல்லாம் முறுக்கினார். முறுக்க முறுக்க வளையம் இறுகியது. நாலு நாள் முறுக்கினார். வெள்ளிக்கிழமை காலை கடைசியாக ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, மத்தியானம் தீயலும் அப்பளமுமாகச் சாப்பிட்டுப் படுத்தார். இரண்டு மணி நேரம் அசையவில்லை.

சனிக்கிழமை காலை மூளை வேலை செய்தது. கோமளவல்லிக்கு மில்லில் கூட்டம். சத்தமில்லாமல் வண்டியை ஆன்ட்ரூஸிடம் கொண்டுபோய்ச் சரியாக்க வேண்டியது, கையில் கிரீஸ் பூசிக்கொண்டு வந்து நிற்க வேண்டியது. சபதமும் ஜெயிக்கும், வண்டியும் பிழைக்கும்.

கிளம்பி முதல் வளைவிலேயே ஆச்சரியம். வளையம் வெண்ணெயாகத் திரும்பியது. அடுத்த வளைவிலும் அப்படியே. தாணுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆக, அந்தக் கடைசி முறுக்குதான்! இனி ஆன்ட்ரூஸிடம் போவது சரியாக்க அல்ல, காட்ட.

ஆன்ட்ரூஸ் வண்டிக்குள் தலையைவிட்டுப் பார்த்தார். கிளாம்புக்கு அடியில் விரலை விட்டுத் தடவினார்.

"அண்ணாச்சி, இது ஆரு செய்தது?"

"பின்னே ஆரு? நான்தான்!"

"மேல கிளாம்பையும் கீழ ஸ்டியரிங் பாக்ஸையும் ஒண்ணா லூசாக்கி, தண்டைத் தன் போக்குக்கு இருக்க விட்டுல்லா முறுக்கியிருக்கு! எனக்கு இது பிடிபட எட்டு வருஷம் ஆச்சு. கிளாம்புக்கு அடியில பெல்ட் துண்டு வேற அளந்து வெட்டி வச்சிருக்கிய."

"என்ன பெல்ட்?"

ஆன்ட்ரூஸ் விரலை நீட்டினார். விரலில் வெள்ளையாக, நயமாக அரைத்த பச்சரிசி மாவு.

தாணு பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டார். கோமளவல்லி ரெண்டு நாள் சும்மா இருந்திருந்தால் போதும், வண்டி விலைபோயிருக்கும். அவள் சும்மா இருக்கவில்லை. தெருவில் சொல்லிச் சிரிக்கவுமில்லை. நினைக்க நினைக்க அவருக்குக் கண் கலங்கியது. திரும்பும்போது கோமளவல்லிக்கு ஒரு சீப்பு மட்டிப்பழமும் நாலு முழம் பிச்சிப்பூவும் வாங்கினார். கையில் கிரீஸ் பூசவில்லை.

"கோமளம், நீதானே செய்தே?"

"மில்லுல மோட்டாரும் தண்டும் நேர்ல இல்லன்னா சூடாவும். அவுத்துவிட்டா அதுவே ஒரு இடத்தில போய் இருக்கும், பொறவு முறுக்கணும். அம்புடுதான். இதுக்கு வெள்ளைக்காரன் எதுக்கு?"

"என்கிட்ட சொல்லியிருக்கப்பிடாதா?"

"சபதம் போட்ட முகம் வாடிரப்பிடாதுன்னு பாத்தேன்."

"முப்பது வருஷத்தில உனக்கு நான் ஒரு நன்றி சொன்னதில்ல. இப்பம் சொல்லுகேன். நீ இல்லன்னா இந்த வண்டி இல்ல, நானும் இல்ல. என்ன வேணும்னாலும் கேளு. மாட்டேன்னு சொல்லமாட்டேன்."

"இப்பம் ஒண்ணும் வேண்டாம்," என்றாள்.

ஞாயிறு காலை. பழக்குலை, பாத்திரம், பேரனுக்குப் பட்டு வேட்டி எல்லாம் ஏற்றியாயிற்று. தாணு சாவியோடு வலதுபக்கம் வந்தார். கோமளவல்லி அங்கே நின்றாள். கையை நீட்டினாள்.

"சாவியைத் தாங்க. அந்தப் பக்கமா ஏறி இருங்க."

"ஏட்டி, லைசென்ஸு?"

பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினாள். "மாவு கொண்டுபோக மில்லுக்குக் குட்டி லாரி வாங்கினப்பமே எடுத்தாச்சு. ரெண்டு வருஷம் ஆவுது. நீங்க கேக்கல்ல."

"அம்பாசிடர் வேறல்லா? பழக்கம் வேணும்லா?"

"வெள்ளிக்கிழமை நீங்க உறங்கினப்பம் தோவாளை வரை போய்ட்டு வந்தேன். சரியாச்சான்னு ஓட்டிப் பாக்காண்டாமா?"

வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது. தக்கலை தாண்டும்போது தாணு நெளிந்தார். இடதுபக்க இருக்கையில் ஒரு கம்பிச் சுருள் குத்தும் என்பது, வண்டி வாங்கி முப்பது வருஷம் கழித்து, அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.